திங்கட்கிழமை வயிற்றுவலியைத் திருகோணமலையில் எங்கே காட்டுவது?

சம்பூரிலிருந்து ஒரு சித்தி கேட்டிருக்கிறார். அக்காவின் மகனுக்குப் பத்து வயது. அக்கா ஏழு மாதத்துக்கு முன் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டார். நாலு மாதமாகப் பெடியன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். காலையில் வயிற்றுவலி, இரவில் படுக்கையிலேயே மூத்திரம், சும்மா இருக்கும் தங்கச்சிக்கு அடி. அம்மம்மா நாவூறு என்று சொல்லி நூல் கட்டுவித்திருக்கிறா. பள்ளிக்கூடத்தில் "எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். திருகோணமலையில் பிள்ளைகளுக்கு மனநல வைத்தியம் இருக்கிறதா, எவ்வளவு செலவாகும், குளிசை கொடுத்து மயக்கிவிடுவார்களா, பின்னுக்கு அவன் பெயர் கெடுமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, நான் வைத்தியர் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் பல வருடம் இருந்து, பிள்ளைகளையும் தாய்மாரையும் கூட்டிக்கொண்டு கிளினிக் வாசல்களில் குந்தியிருந்தவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன், நோய் இன்னதென்று சொல்வது வைத்தியர் வேலை.

முதல் கேள்விக்கு நேரான பதில்: பிள்ளைகளுக்கென்று தனியான மனநல ஆஸ்பத்திரி திருகோணமலையில் இல்லை. கொழும்பில் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை இப்போதைக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. திருகோணமலை நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அது பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் பொதுவானது. மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளும் இருக்கின்றன. இந்த நாட்டின் உளநலச் சேவை 2005ஆம் ஆண்டுக் கொள்கைக்குப் பிறகு கொழும்புப் பக்கம் அங்கொடையில் இருக்கும் பெரிய மனநல ஆஸ்பத்திரியை விட்டு மாவட்டங்களுக்கு நகர வேண்டும் என்று முடிவானது. உளநலத்துக்குப் பொறுப்பான மருத்துவ அதிகாரி என்று ஒருவர் வைத்தியசாலைகளில் இருப்பது அதனால்தான். சம்பூரில் இருக்கும் உங்களுக்கு மூதூர்தான் கிட்ட. அங்கே உளநலக் கிளினிக் எந்த நாளில் என்று முதலில் கேளுங்கள். கேட்காமல் போய், "இன்றைக்கு இல்லை, வியாழன் வாங்கோ" என்று திரும்பி வந்தவர்களில் பாதிப்பேர் வியாழன் வருவதில்லை. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போனபிறகு யாருக்குத்தான் மனம் வரும்?

அதற்கு முன் ஒரு வேலை. அவனுடைய உடம்பைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், எல்லாவற்றையும் மனசு மனசு என்று ஒதுக்கிவிட்டுப் பிறகு தலையில் கைவைத்த கதைகள் உண்டு. படுக்கையில் மூத்திரம் போவதை நிறுத்தி வருடக்கணக்கான பிள்ளை மறுபடி போகத் தொடங்கினால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. சலக்கிருமி இருக்கலாம், கடும் மலச்சிக்கல் இருக்கலாம். கூடவே அவன் வழமையை விட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறானா, மெலிந்துவிட்டானா என்று பாருங்கள். அப்படியென்றால் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும், அதன் முதல் அறிகுறி பல வேளை இதுதான். ஓ.பி.டி.யில் துண்டு எடுத்து அன்றைக்கே காட்டுங்கள். வயிற்றுவலியையும் அவர்கள் தொட்டுப் பார்க்கட்டும்.

அது சரியாக இருந்தால், உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. "வெள்ளி பின்னேரம் தொடக்கம் ஞாயிறு மட்டும் வயிறு நோவதில்லை, கடற்கரையில் பந்தடிப்பான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு இரவு சோறு இறங்காது, திங்கள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். இதைப் பார்த்து "நடிக்கிறான்" என்று அடித்த வீடுகள் எனக்குத் தெரியும். நடிப்பு இல்லை. பயமும் பதற்றமும் வந்தால் குடல் உண்மையிலேயே இறுகும். பரீட்சை மண்டப வாசலில் உங்களுக்கும் வயிறு கலக்கியிருக்கும். பிள்ளைக்கு நோவது நிஜம், நோவுக்குக் காரணம்தான் வயிற்றில் இல்லை.

காரணம் எங்கே என்று தேடும்போது எல்லாரும் உடனே தாய் வெளிநாடு போனதில் போய் நிற்பார்கள். இருக்கலாம். ஆனால் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். யாரும் அடிக்கிறார்களா, பட்டம் வைத்துக் கூப்பிடுகிறார்களா, போகும் வழியில் யாரும் தொந்தரவு தருகிறார்களா? இதைக் கேட்கவும் ஒரு முறை உண்டு. "அந்த மாமா உன்னைத் தொட்டவரா?" என்று வாயில் சொல்லைப் போட்டுக் கேட்கக் கூடாது. மீன் கழுவிக்கொண்டோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டோ, அவன் முகத்தைப் பாராமல், "பள்ளிக்கூடத்தில எந்த நேரம் உனக்குப் பிடிக்கிறதில்லை?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இடைவேளை என்றானா, ஒரு பாடம் என்றானா, வான் பயணம் என்றானா, அதுவே உங்களுக்கு நூல் நுனி. யாராவது துன்புறுத்தியது தெரியவந்தால் அது கிளினிக்கோடு முடிகிற விடயம் இல்லை. 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம். காசு இல்லை, எந்த நேரமும், தமிழில் பேசலாம். உங்கள் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் நேரே போகலாம்.

சரி, கிளினிக்குக்கு வருவோம். போவதற்கு முன்பே அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பயம் குறையும்.

காலையில் போய் நம்பர் துண்டு எடுப்பீர்கள். வாங்கில் உங்களோடு இருப்பவர்களில் பெரும்பாலும் பெரியவர்கள். ஒருவர் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார், ஒருவர் மருந்துத் தூக்கத்தில் சரிந்திருப்பார். அம்மம்மா இதைப் பார்த்ததும் உங்கள் கையை நுள்ளி "எழும்பு போவம்" என்பா. போகாதீர்கள். அந்த ஆட்களால் பிள்ளைக்கு ஆபத்து ஒன்றுமில்லை, அவர்களும் உங்களைப் போலவே துண்டோடு காத்திருப்பவர்கள்தான். பிள்ளைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள். ஒரு தரம் நான் கூட்டிப்போன ஒரு சின்னவன் காத்திருந்த மூன்று மணித்தியாலத்தில் ஒரு லோஞ்ச், அதாவது ஆள் ஏற்றும் மோட்டார்ப் படகு, கீறினான். ஆட்கள் நிறைந்த லோஞ்ச், கரையில் ஒரே ஒருவன். உள்ளே போனதும் வைத்தியர் வேறொன்றும் கேட்கவில்லை, அந்தத் தாளை வாங்கி "இந்த ஆள் யார்?" என்று மட்டும் கேட்டார். வாரக்கணக்காக வாய் திறக்காதவன் "நான்" என்றான்.

எல்லா நாளும் இப்படி அமையாது. இன்னொரு இடத்தில், ஊர் பெயர் வேண்டாம், "அந்த மெண்டல் பிள்ளை எது?" என்று வாசலில் நின்று கத்திக் கூப்பிட்டார்கள். தாய் அங்கேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட்டா. திரும்பக் கூட்டிவர எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. இப்படி நடந்தால் கோபப்படுங்கள், பொறுப்பு வைத்தியரிடம் சொல்லுங்கள், ஆனால் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

நான் இத்தனை வருடத்தில் கண்ட ஒரு விடயத்தைச் சொல்லவேண்டும். முதல் நாள் எப்போதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நாள் முழுக்கக் காத்திருந்து உள்ளே பத்து, பதினைந்து நிமிடம். பிறந்தது எப்படி, நடந்தது எப்போது, வலிப்பு வந்ததா, வீட்டில் யார் யார், யார் குடிப்பார்கள் என்று கேள்வி கேட்டு எழுதிவிட்டு, "ரெண்டு கிழமையால வாங்கோ" என்று அனுப்புவார்கள். மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. வீட்டுக்கு வந்து "சும்மா கதைச்சுப்போட்டு விட்டிட்டினம்" என்பார்கள். அதோடு சரி, பிறகு போவதில்லை. உண்மையில் அந்தக் கதைதான் வேலையின் தொடக்கம். இரண்டாவது தரம் போகும்போதுதான் பிள்ளைக்கு அந்த முகம் பழகும். மூன்றாவது தரத்தில்தான் ஏதாவது சொல்வான். மூன்று தரம் போகாமல் "பிரயோசனம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். பஸ் காசை மூன்று தரத்துக்கும் இப்போதே எடுத்து வையுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பிறந்தபோது மிட்வைஃப் தந்த சிறுவர் சுகாதார வளர்ச்சிக் கொப்பி, பள்ளிக்கூட றிப்போட், முன்பு குடித்த மருந்துகளின் துண்டுகள். அதைவிட முக்கியம், அவனோடு ஒரே வீட்டில் படுத்து எழும்புகிறவர் போகவேண்டும். உங்கள் வீட்டில் அது அம்மம்மா. நீங்கள் விளக்கமாகப் பேசுவீர்கள், ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பாய் மாற்றுவது அவதானே? அவவுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாது. நூல் கட்டியதையும் மறைக்கவேண்டாம். நூலை அறுத்துவிட்டு வா என்று எந்த நல்ல வைத்தியரும் சொல்லமாட்டார். கோயிலில் விளக்கு வைப்பதும் கிளினிக்கில் பேசுவதும் ஒன்றையொன்று வெட்டாது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் குடும்பங்கள் ஓதிப் பார்த்துவிட்டு வருவதும் இப்படித்தான். பேயோட்டுகிறேன் என்று பிள்ளையை அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது என்று போனால் மட்டும் குறுக்கே நில்லுங்கள்.

மொழி ஒரு பிரச்சினை. எங்கள் பக்கம் வேலைக்கு வரும் வைத்தியர்கள் பலர் சிங்களம் பேசுபவர்கள். காய்ச்சலுக்குக் கைச்சாடை போதும், மனசுக்குப் போதாது. தமிழ் 1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழி ஆனது, ஆகவே தமிழில் பேச ஆள் கேட்பது சலுகை கேட்பது இல்லை. தாதியோ உத்தியோகத்தரோ மொழிபெயர்க்கட்டும். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கவேண்டாம். தன்னைப் பற்றிச் சித்தி சொல்லும் குறையை அவனே வாயால் மாற்றிச் சொல்லவேண்டி வந்தால் அதைப்போலக் கொடுமை இல்லை.

செலவு: அரச வைத்தியசாலையில் கிளினிக்கும் மருந்தும் இலவசம். தனியாரில் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, காட்டலாம், காசு இருந்தால். அதே வைத்தியர்தான் பெரும்பாலும் பின்னேரத்தில் அங்கே இருப்பார். ஆனால் தொடர்ந்து பல மாதம் பார்க்கவேண்டிய விடயத்துக்குக் கடன் வாங்கிச் சனல் பண்ணுவது எனக்குச் சரியாகப் படவில்லை. "கவுன்சிலிங்" என்று பலகை மட்டும் போட்டிருக்கும் இடங்களில் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள்? நல்லவர் கோபிக்கமாட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்க உளசமூக வேலை என்று ஜீப்புகள் ஓடின. பிள்ளைகளுக்கு கிறேயோன் கொடுத்துப் படம் கீறவைத்தார்கள். சிலர் உண்மையாகவே நல்ல வேலை செய்தார்கள். திட்டம் முடிந்தது, ஜீப்பும் போய்விட்டது. அதனால்தான் ஆள் குறைவாக இருந்தாலும், வாங்கு உடைந்திருந்தாலும், நிரந்தரமாக இருக்கும் அரச கிளினிக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

குளிசை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. பத்து வயதில் பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைக்குப் பொதுவாக முதல் வைத்தியம் குளிசை இல்லை. பேச்சு, வீட்டில் மாற்றம், பள்ளிக்கூடத்துக்குப் படிப்படியாகத் திரும்புவது என்றுதான் தொடங்குவார்கள். கடும் பதற்றம், கடும் கவனக்குறைவு, வலிப்பு போன்றவற்றுக்கு மருந்து வேறு கதை. தந்தால் எதற்கு, எத்தனை மாதம், என்ன பக்கவிளைவு என்று கேளுங்கள். தூக்கமாக இருக்கிறான் என்று நீங்களே நிறுத்திவிடாமல் போய்ச் சொல்லுங்கள், அளவு மாற்றுவார்கள்.

பெயர் கெடுமா? கிளினிக் கொப்பி உங்கள் கையில்தான் இருக்கும். பிள்ளை அங்கே போனது பள்ளிக்கூட றிப்போட்டிலோ விடுகைப் பத்திரத்திலோ வராது. பிள்ளைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வைத்தியர் மற்றவர்களுக்குச் சொல்லவேண்டி வரும், அது பிள்ளையைக் காப்பாற்ற. ஊர் வாய் வேறு. மூதூர் கிளினிக்கில் தெரிந்த முகம் இருக்குமென்று கூச்சமாக இருந்தால் நகரத்துக்கு வாருங்கள். முந்தி மூதூரிலிருந்து லோஞ்ச் பிடிக்கவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தபிறகு பஸ்ஸில் வரலாம். கூச்சத்துக்காகக் கொஞ்சம் தூரம் போவதில் தப்பில்லை, போகாமல் இருப்பதுதான் தப்பு.

இனிப் பள்ளிக்கூடம். "கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று சொல்லிக் கையைக் கழுவ அவர்களை விடாதீர்கள். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர் யார் என்று அதிபரிடம் கேட்டு அவரோடு பேசுங்கள். நாலு மாதம் வீட்டில் நின்ற பிள்ளையை ஒரேயடியாக எட்டுப் பாடவேளைக்கு அனுப்பினால் இரண்டாம் நாளே வயிறு நோகும். முதல் கிழமை வாசல் வரை போய்வரட்டும். அடுத்த கிழமை இரண்டு பாடவேளை, நூலகத்தில் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு இடைவேளை வரை. வீட்டில் வைத்திருக்க வைத்திருக்கத் திரும்புவது கடினமாகும். வீட்டில் நிற்கும் நாளில் போன், டீவி என்று கொண்டாட்டமாக இருக்கவும் விடவேண்டாம். வரவில்லை என்று பிரம்பு எடுக்கும் ஆசிரியர் இருந்தால், அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருப்பதை அதிபரிடம் மரியாதையாக ஞாபகப்படுத்துங்கள்.

கடைசியாக அக்கா. இதைத்தான் நான் கூட நேரம் யோசித்தேன். "கொழும்புக்குச் சாமான் வாங்கப் போறன், நாளைக்கு வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு, அவன் நித்திரையில் இருக்கும்போது அதிகாலை வானில் ஏறினா என்று எழுதியிருக்கிறீர்கள். அழுவான் என்று பயந்துதான் அப்படிச் செய்திருப்பா, அவவில் குற்றம் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பாருங்கள். நித்திரை கொண்டால் ஆள் காணாமல் போகும், பள்ளிக்கூடம் போனால் திரும்பி வரும்போது அம்மம்மாவும் இருப்பாவோ தெரியாது. அப்படியென்றால் வீட்டைக் காவல் காப்பதுதான் புத்தி. அவன் பள்ளிக்கூடத்துக்குப் பயப்படவில்லை, வீட்டை விட்டுப் போகப் பயப்படுகிறான் என்றுகூட இருக்கலாம். இது என் ஊகம், வைத்தியர் சரிபார்க்கட்டும்.

ஊகம் பிழையாக இருந்தாலும் கெடுதல் இல்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. அக்கா போனில் அவனிடம் உண்மையைச் சொல்லட்டும்: பொய் சொல்லிப் போனது பிழை, இரண்டு வருட ஒப்பந்தம், இன்ன மாதம் வருவேன். கலண்டரில் அந்த மாதத்தை அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். நினைத்த நேரம் எடுத்து அழுவதை விட, கிழமையில் இரண்டு நாள், சொன்ன நேரத்துக்கு எடுப்பது பிள்ளைக்கு நல்லது. எடுக்கமுடியாத நாளில் ஒரு குரல் பதிவு. படுக்கை நனைந்த காலையில் பேச்சும் வேண்டாம், கேலியும் வேண்டாம், தங்கச்சிக்கு முன்னால் பாயைக் காயப்போடவும் வேண்டாம். ரப்பர் சீட் ஒன்று போட்டு, படுக்கமுன் ஒருதரம் மூத்திரம் போகச் சொல்லுங்கள், போதும்.

இன்னொன்று. 2006இல் போரால் சம்பூரை விட்டு எழும்பியபோது உங்களுக்கும் அக்காவுக்கும் இவன் வயதுதான் என்றும், கிளிவெட்டி முகாமில் வளர்ந்தோம் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வைத்தியர் "வீட்டில் வேறு யாருக்கும் நித்திரைக் குறைவு, பயம் இருக்கிறதா?" என்று கேட்பார். அப்போது "இல்லை" என்று வேகமாகத் தலையாட்டிவிடாதீர்கள். பிள்ளைக்காகப் போன கிளினிக்கில் சித்தியும் அம்மம்மாவும் தங்களுக்கென்று ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வந்ததை நான் பல தரம் பார்த்திருக்கிறேன்.

அவன் எப்போதாவது சாகவேண்டும் என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரிந்தாலும், கிளினிக் நாள் பார்க்கவேண்டாம். தனியே விடாமல் எந்த நேரமானாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அம்பியூலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றம் இல்லை. இரவில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநாலு மணித்தியாலமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு மட்டும் என்றில்லை, உங்களுக்கும்தான்.

தங்கச்சிக்காரி நாலு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லை என்று கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசி வரியில் வைக்கக் கூடாது. இரண்டு வயதில் வரவேண்டிய பேச்சு அது. மிட்வைஃபிடம் சொல்லி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மூலம் பிள்ளை வைத்தியரிடம் துண்டு எடுங்கள். காதும் சோதிக்கச் சொல்லுங்கள். அண்ணனின் கிளினிக்கும் இதுவும் ஒரே நாளில் வருமா என்று கேட்டுப் பாருங்கள், வந்தால் ஒரு பஸ் காசு மிச்சம். அம்மம்மாவுக்கு பஸ்ஸில் வாந்தி வரும் என்றீர்கள், முன் சீட்டில் யன்னல் பக்கம் இருத்துங்கள், தேசிக்காய் ஒன்றைக் கையில் கொடுங்கள்.